கடைசியாக வந்து சேர்வது எப்படி?

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருவது எப்படி என்று சொல்லித்தரப் பாளையங்கோட்டையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. விடிகாலையில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் போய் நின்றால் போதும், கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு யாராவது ஒருவர் யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் வருவது எப்படி என்று சொல்லித்தரத்தான் நாதியில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எனக்குத் தகுதி உண்டு. சென்ற ஐப்பசியில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடைப்பட்ட வயக்காட்டில் நடந்த 10 கிலோமீட்டர் பந்தயத்தில், எந்தச் சிபாரிசும் இல்லாமல், சொந்த உழைப்பில் கடைசியாக வந்தவன் நான். எனக்குப் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ் ஒன்றுதான். அதுவும் வரப்பில் இறங்க முடியாமல் மெயின் ரோட்டைச் சுற்றிப் போய், எனக்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டது.

இந்த ஓட்டத்துக்குத் தமிழில் இன்னும் ஒரு பேர் படியவில்லை. கிராஸ் கன்ட்ரி என்றால் பி.டி. வாத்தியார்களுக்குப் புரியும். நோட்டீஸில் ‘நாடு கடந்த ஓட்டம்’ என்று அடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு என் மாமியார், “பாஸ்போர்ட்டு எடுத்தாச்சா மாப்ள?” என்று கேட்டார். வயலில் நின்றவர்கள்தான் பொருத்தமாகப் பேர் வைத்தார்கள். அவர்கள் இதைக் கிறுக்குப் பந்தயம் என்றார்கள்.

பேர் கொடுத்தல்

நிதானத்தில் இருக்கிற யாரும் இதற்குப் பேர் கொடுப்பதில்லை. டாக்டர் என்னிடம் “தினம் நடங்க” என்றுதான் சொன்னார். நடந்தேன். நடக்கிறவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். குரூப்பில் ஒருவர் ஓடினார். ஓடியவர் போட்டோ போட்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இப்படித்தான் கெட்டுப்போகிறார்கள்.

பேர் கொடுக்கும்போது வயதுப் பிரிவைக் கவனியுங்கள். 45-க்கு மேற்பட்டோர் பிரிவில் எழுதிக்கொடுத்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து நாலே பேர். பரிசு மூன்று. நான் கூட்டுறவு வங்கியில் வட்டிக் கணக்குப் பார்க்கிறவன். நாலில் மூன்று என்றால் முக்கால் பங்கு உறுதி என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மற்ற மூவர் யார் என்று விசாரிக்கத்தான் மறந்துவிட்டது. ஒருவர் ஆயுதப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் முப்பது வருஷம் பி.டி. வாத்தியார். மூன்றாமவர் பனையேறி. கணக்கு தப்பவில்லை. நாலாவது ஆள் யார் என்பதைத்தான் கணக்கு சொல்லவில்லை.

கூட ஓடுகிற இளவட்டங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமையில் விடிகாலை ஓடுகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் ஒலிம்பிக்குக்காக ஓடவில்லை. போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். பட்டாளத்து ஆளெடுப்புக்கு 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தால்தான் முழு மார்க். ஒரு நொடி பிந்தினால் ஒரு வருஷம் போச்சு. அவர்கள் சோற்றுக்காக ஓடுகிறார்கள், நாம் சோற்றைக் குறைக்க ஓடுகிறோம். ஆகவே தொடக்கக் கோட்டில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். மிதித்துவிட்டுப் போவார்கள், அதில் தப்பும் இல்லை. நம் மாநிலத்தில் நெடுந்தூரம் ஓடிப் பேர் வாங்கியவர்களும் இப்படி வறக்காட்டு மண்ணிலிருந்து வந்தவர்கள்தான். 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணன் புதுக்கோட்டைக்காரர். அதற்கு முந்தின வருஷம் தெற்காசியப் போட்டியில் அதே இரண்டு தூரத்திலும் தங்கம் வாங்கிய சூர்யாவும் அந்த ஊர்தான்.

ரோட்டில் ஓடினால் போதும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அரசாங்கமே மாவட்டந்தோறும் அண்ணா பேரில் நெடுந்தூர ஓட்டம் நடத்துகிறது. 25 வயது தாண்டிய ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. பத்தாவதாக வந்தாலும் பரிசுப் பணம் உண்டு. தார் ரோடு, நேர் ரோடு. நமக்கு அது ஆகாது. நமக்கு வரப்பு வேண்டும்.

காலுக்கு என்ன போடுவது

கடைக்காரப் பையன் உங்கள் பாதத்தை ஒரு பலகையில் நிறுத்தி, கம்ப்யூட்டரில் பார்த்து, உங்கள் கால் உள்பக்கம் சாய்கிறது என்பான். ஐம்பது வருஷமாகச் சாய்ந்த காலோடுதான் கல்யாணம் முடித்தேன், வீடு கட்டினேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நான் எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து நீல நிற ஷூ வாங்கினேன். அதன் அடிப்பாகத்தில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். சேற்றில் பிடிப்பதற்காக என்றான். பிடித்தது. சேறு ஷூவைப் பிடித்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடக்கக் கோட்டில் என் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துப் பையன் வெறுங்காலில் நின்றான். “முள்ளு குத்தாதால?” என்று கேட்டேன். “அதுக்குத்தான் பாத்து ஓடுததாக்கும்” என்றான். இந்தக் கையேட்டில் உருப்படியான ஆலோசனை ஒன்று உண்டென்றால் அது இதுதான். சொன்னது நான் அல்ல.

பயிற்சி

பயிற்சிக்கு ஜிம்மில் ஓடுபொறியில் ஏறாதீர்கள். அதில் நண்டு வளை கிடையாது. வயல் வரப்பு ஒரு முழ அகலம். அந்த ஒரு முழத்தையும் நண்டுகளும் எலிகளும் ஏற்கெனவே பங்கு போட்டிருக்கும். மேலே புல் மூடிப் பச்சைப்பசேல் என்று இருக்கும் இடம்தான் உள்ளே பொக்கையாக இருக்கும். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். இறங்கிய காலை நேராக மேலே எடுக்க வேண்டும். முன்னால் இழுத்தால் சுளுக்கு, பக்கவாட்டில் இழுத்தால் உடையவருக்கு வரப்பு போச்சு. அவர் மண்வெட்டியோடு அங்கேதான் நிற்பார்.

இன்னொன்று. பந்தயத்துக்கு முந்தின வாரம் எல்லோரும் போனில் மழை பார்ப்பார்கள். நீங்கள் பேப்பரில் அணை நீர்மட்டம் பாருங்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்றும் மொத்தக் கொள்ளளவின் உயரம். இதற்குக் கீழே இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தங்கம் விலைக்கு முன்னால் இதைத்தான் படிப்பார்கள். பிசான சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அது தெரியாமல் பந்தயம் வைத்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பந்தயத்தை நடத்தியவர்களுக்குத் தெரியாது. பந்தயத்துக்கு மூன்று நாளைக்கு முன், அறுப்பு முடிந்து காய்ந்த தாள்தரையில் சுண்ணாம்புப் பொடி தூவி, அழகாகப் பாதை போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் கால்வாயில் தண்ணீர் வந்தது. வயல்காரர் மடையைத் திறந்தார். சுண்ணாம்பு பயிருக்கு நல்லது என்று பிறகு சொன்னார்கள்.

முந்தின இரவுச் சாப்பாடு பற்றிப் புத்தகங்களில் பெரிய அத்தியாயமே இருக்கும். மேல்நாட்டார் பந்தயத்துக்கு முதல் நாள் மாவுச்சத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வார்களாம். நாம் மூன்று வேளையும் அதைத்தான் செய்கிறோம் என்பதால் அந்த அத்தியாயத்தைத் தள்ளிவிடலாம். பந்தயத்தின் நடுவில் சக்திக்கு என்று சின்னச் சின்னப் பாக்கெட்டில் இனிப்புக் கூழ் விற்கிறார்கள். பிய்த்து வாயில் பிதுக்கிக்கொள்ள வேண்டும். கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குகிற ஒன்றைச் சாயங்காலமானால் வரிசையில் நின்று வாங்குகிற ஊரில் பிறந்துவிட்டு, இந்தக் கூழுக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. வாழை இலைத் துண்டில் நூறு கிராம் மடித்து டவுசர் பையில் வைத்துக்கொண்டேன். அது தப்பு. நாலாவது கிலோமீட்டரில் டவுசரும் அல்வாவும் ஒன்றாகிவிட்டன.

தொடக்கம்

காலை 6 மணி என்று போட்டிருந்தால் 5 மணிக்கே எழுந்து போகாதீர்கள். கொடியசைக்கிறவர் வர வேண்டும். எங்களுக்கு அவர் 7.40-க்கு வந்தார். ஆரோக்கியம் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். அதுவரை கை காலை உதறிச் சூடாக்கி வைத்திருந்ததெல்லாம் ஆறி, பசித்து, கொடுத்த வாழைப்பழத்தையும் தின்று, திரும்பவும் உட்கார்ந்துவிட்டோம். கடைசியில் வர நினைப்பவர் இந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. நிழலில் இடம் பிடியுங்கள். வெயில் ஏற ஏற உங்களுக்குத்தான் நல்லது, ஏனென்றால் பிறகு எல்லாப் பழியையும் வெயில் மேல் போட்டுவிடலாம்.

கொடி விழுந்ததும் எல்லோரும் பேய் மாதிரி ஓடுவார்கள். நீங்களும் ஓடுங்கள். முதல் இருநூறு மீட்டருக்குத்தான் போட்டோகிராபர் நிற்பார்.

பிறகு கன்னடியன் கால்வாய்க் கரை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. அதில் ஒன்றிலிருந்து பிரிகிற கால் இது. கன்னட தேசத்துப் பிராமணர் ஒருவர் அகத்தியர் சொற்படி ஒரு பசுவை முன்னால் நடக்கவிட்டு, அது போன வழியே வெட்டியது என்று கதை சொல்வார்கள். பசு படுத்த இடத்தில் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்தக் கரையில் நாலு கிலோமீட்டர் ஓடிய பிறகு சிரிக்க மாட்டேன். எந்த இன்ஜினீயரும் கால்வாயை இப்படி வளைக்க மாட்டார், பசுதான் வளைக்கும். தூரத்தில் தெரிகிற கொழுந்துமாமலை ஒரு தடவை வலப்பக்கம் இருக்கும், ஒரு தடவை இடப்பக்கம் இருக்கும், ஒரு தடவை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் ஒன்று, அந்தப் பசு ஓடவில்லை. மேய்ந்துகொண்டு, படுத்து எழுந்து போயிருக்கிறது. இந்தப் பாதையில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை அது அன்றைக்கே காட்டிவிட்டது. நான் அந்த வேகத்தைத்தான் கடைப்பிடித்தேன்.

தொழி

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் சேறு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தண்ணீர் கட்டி, உழுது, கலக்கி, நாற்று நடப் பக்குவமாகக் கிடக்கிற வயலுக்கு எங்கள் பக்கம் தொழி என்று பேர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். வானம் தெரியும், கொக்கு தெரியும். கேஜ்வீல் மாட்டிய டிராக்டர் அதில் இரண்டு சால் ஓட்டிவிட்டால் கீழே எத்தனை ஆழம் என்று டிராக்டருக்குத்தான் தெரியும்.

தாள்தரை என்று நினைத்து நாங்கள் ஓடி வந்த இடம் அன்றைக்குத் தொழியாகக் கிடந்தது. முன்னால் போன பையன்கள் ஒரு வினாடிகூட நிற்காமல் வரப்பைப் பிடித்துச் சுற்றிப் போய்விட்டார்கள். வரப்பு கொஞ்சம் தூரம். நான் கணக்குப் பார்க்கிறவன் அல்லவா, குறுக்கே போனால் அறுபது மீட்டர் மிச்சம் என்று இறங்கிவிட்டேன்.

தொழியில் இறங்கியவர்களுக்கான முறை இது. முதலில் நிற்கக் கூடாது, நின்றால் இறங்கும். ஓடவும் முடியாது, ஓடினால் விழும். நாற்று நடுகிற பெண்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள். குதிகாலை முதலில் பிடுங்கி, விரலைக் கீழே நோக்கிக் குவித்து, கொக்கு மாதிரி உருவி எடுப்பார்கள். இதை வெறுங்காலில்தான் செய்ய முடியும். ஷூ போட்ட கால் விரலைக் குவிக்காது. பதினைந்தாவது அடியில் என் இடது கால் மேலே வந்தது, ஷூ வரவில்லை. கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன். ஒரு நத்தை கிடைத்தது. ஒரு கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம் கிடைத்தது. இதனால்தான் பந்தயத்துக்கு முன்பே டிடி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். ஷூ கிடைக்கவில்லை.

அடுத்த வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி, எதையும் தொலச்சிட்டியளா?”

“பந்தயம் அண்ணாச்சி.”

“பந்தயமா? அவங்கெல்லாம் அப்பமே போய்ட்டாங்களே.”

நாற்றுக்கட்டோடு நின்ற ஒரு பாட்டி மட்டும் உண்மையான கவலையோடு கேட்டாள். “எய்யா, ஒன்ன எவன் வெரட்டுதான்?”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. மடைப் பக்கம் நின்ற பெரியவர் ஒருவர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். “போட்டுக்கிடுங்க. தெக்க பனங்காட்டுல முள்ளு கெடக்கு. திரும்பி வரயில குடுத்திட்டுப் போங்க.” மிஞ்சிய ஒற்றை ஷூவைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவர் செருப்பில் ஏறினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அன்றைக்கு என் ஓட்டத்தில் ஒரு சத்தம் இருந்தது. டப்பு டப்பு என்று எனக்கே கேட்டது. வேகமாக ஓடுவது போலவும் இருந்தது.

பனங்காடு

ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டில் ஏறியதும் ஊரே மாறிவிடும். பச்சை போய்ச் செம்மண்ணும் பனையும் உடைமரமும் வந்துவிடும். கீழே கிடக்கிற பனமட்டைக்கு இரண்டு பக்கமும் கருக்கு உண்டு, ரம்பம் மாதிரி. ஆவணி புரட்டாசியில் விழுந்த பனம்பழம் அழுகிக் கிடக்கும், அதில் வழுக்கி மட்டையில் விழுந்தால் இரண்டு அனுபவமும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். பதநீர் கிடைக்குமா என்று அங்கே நின்றவரிடம் கேட்காதீர்கள். ஐப்பசியில் பதநீர் கேட்கிறவனை எந்த ஊர் ஆளாக எண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு நாய் இருக்கும். எல்லாப் பனங்காட்டிலும் ஒரு நாய் இருக்கும். என்னைப் பிடித்தது சிப்பிப்பாறைக் கலப்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால். முயல் விரட்டப் பிறந்த சாதி. இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை முயல் என்று வைத்து முன்னால் ஓடவிடுவார்கள். முயல்கள் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டே ஓட வேண்டும். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து விரட்ட வேண்டும். 1868-இல் லண்டன் பக்கம் தொடங்கிய சங்கத்தின் பேரே ‘தேம்ஸ் முயலும் நாய்களும்’. காகிதத்துக்குப் பதில் எங்களுக்குச் சுண்ணாம்பு, அதுவும் கரைந்துவிட்டது. நாய் மட்டும் அசலாக வந்திருந்தது. அந்த ஒரு கிலோமீட்டரை அன்றைக்கு நான் ஓடிய வேகத்தைப் பின்னால் கடிகாரத்தில் பார்த்தேன். கான்ஸ்டபிள் தேர்வில் தேறியிருப்பேன்.

நாய் விட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்பது தாண்டியிருந்தது. புழுக்கம். விலகிவிடலாமா என்று எல்லோருக்கும் தோன்றுகிற இடம் இது. தோன்றும்போது பாரிஸை நினையுங்கள். 1924 ஜூலை 12. ஒலிம்பிக்கில் பத்தரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கிராஸ் கன்ட்ரி. வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. ஓட நின்றவர்கள் 38 பேர். நடுவழியில் சுருண்டு விழுந்தவர்கள், திசை தெரியாமல் தடுமாறியவர்கள் என்று போக, முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும் ஒன்றும் நடக்காதது போல வந்து ஜெயித்தார். அதோடு ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் 2007, மொம்பாசா. தொடர்ந்து ஐந்து வருஷம் உலக கிராஸ் கன்ட்ரியில் நெடுந்தூரப் பட்டத்தை விடாமல் வைத்திருந்த எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கலே, கென்யக் கடற்கரை வெக்கையில் பந்தயத்தை முடிக்காமல் வெளியே போனார். பட்டம் எரித்ரியாவின் செர்செனாய் ததேசேக்குப் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது நூர்மியை அல்ல. பாரிஸில் பதினைந்தாவதாக வந்தவரை. அவர்தான் கடைசி. ஆனால் 23 பேருக்கு முன்னால் வந்த கடைசி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். செருப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்தான்.

தாகத்துக்கு ஒரு வார்த்தை. எட்டாவது கிலோமீட்டர் என்று சொல்லப்பட்ட இடத்தில் இருந்த தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா தூக்குச்சட்டியில் நீச்சத்தண்ணி கொண்டுவந்து, உப்பைப் போட்டுக் கலக்கி, இரண்டு சின்ன வெங்காயத்தையும் கையில் வைத்தார். வியர்த்து உப்பு இறங்கிப்போன உடம்புக்கு வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்டது நல்லது என்று ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள், பாக்கெட்டில் தருவார்கள். வெங்காயம் தர மாட்டார்கள். அந்த அம்மாவிடம் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். “இந்தா, பக்கத்துலதான்” என்றார். எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு ஃபர்லாங்கு முதல் ஐந்து மைல் வரை பொருள் உண்டு.

ஆறு

கடைசிச் சுற்று ஆற்றில். முழங்கால் தண்ணீரில் இறங்கி, நாணல் திட்டு ஒன்றைச் சுற்றி, படித்துறையில் ஏற வேண்டும். குறுக்கே கயிறு கட்டி, தீயணைப்புத் துறைப் பையன்கள் இரண்டு பேர் நின்றார்கள். இங்கே விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். தண்ணீர் தெளிந்து, அடியில் கூழாங்கல் தெரிந்தால் இறங்குங்கள். கலங்கிச் சிவந்து, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் எந்தப் பந்தயமானாலும் கரையிலேயே நில்லுங்கள். மலையில் பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வந்து சேரும். மணல் அள்ளிய இடமெல்லாம் கசம், கண்ணுக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது இந்த ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. குறுக்குத்துறை முருகனையே வெள்ளம் வந்தால் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். நீங்கள் யார்?

அன்றைக்குத் தெளிந்த தண்ணீர்தான். கயிற்றைப் பிடித்து இறங்கியதும் பாசி படிந்த கல்லில் வலது செருப்பு வழுக்கி, வார் அறுந்து, செருப்பு மட்டும் ஸ்ரீவைகுண்டம் பக்கமாகப் புறப்பட்டுவிட்டது. தீயணைப்புப் பையன் பாய்ந்து பிடிக்கப் பார்த்தான். “விடு தம்பி” என்றேன். ஆற்றுக்குள் நின்றதும் கால் எரிச்சல் அடங்கிற்று. குட்டி மீன்கள் வந்து குதிகாலைக் கடித்தன. பந்தயத்தை அங்கேயே ஒரு இருபது நிமிஷம் ஒத்திவைத்தேன். கடைசியில் வருகிறவனுக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை இது. முதலில் வந்தவனுக்கு ஆற்றில் மீன் இருந்ததே தெரியாது, விசாரித்துவிட்டேன்.

முடிவு

முடிவுக்கோட்டில் யாரும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், பாவம் என்று ஒரு நாற்காலியை உருவிப் போட்டார். இட்லி தீர்ந்துவிட்டது, சாம்பார் இருந்தது. மெடலும் தீர்ந்துவிட்டது. எழுதாத சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, பேரை வீட்டில் போய் நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள். எத்தனாவது இடம் என்கிற கட்டமும் காலியாக இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் மனசு அலைபாயும். நான் உள்ளதைத்தான் எழுதினேன். 10 கிலோமீட்டர் என்றது கடிகாரத்தில் 11.4 காட்டியது. கூடுதலுக்கு யாரும் காசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் ஏறாதீர்கள், இறங்க முடியாது. பத்தமடைக் கோரைப் பாய் ஒன்றைத் தரையில் விரித்துப் படுங்கள். காலைச் சுவரில் ஏற்றி வையுங்கள். கணுக்கால் வீங்கியிருந்தால் முதல் நாள் யாரையும் உருவிவிட விடாதீர்கள், ஐஸ்தான் வைக்க வேண்டும். தெருவில் எல்லோருக்கும் உருவத் தெரியும், அதுதான் ஆபத்து. மனைவி வந்து நின்று, “ஒங்களுக்குக் கூறு இருக்கா?” என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல அது.

இரண்டு நாள் கழித்து, படியிறங்க முடிந்ததும், சேரன்மகாதேவி பஜாரில் புது ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு அந்த வயலைத் தேடிப் போனேன். நடவு முடிந்திருந்தது. பெரியவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நம்ம செருப்பு இல்லையே” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “அது பழகின செருப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புதியதை வரப்பில் வைத்தார். என் ஷூ விழுந்த இடத்தைக் காட்டினேன். அங்கே வரிசை வரிசையாக நாற்று நின்றது.

மாசியில் அறுப்பு. இடது கால், ஒன்பதாம் நம்பர், நீல நிறம். அறுப்பு மிஷினில் சிக்காமல் முழுசாக யார் கையிலாவது கிடைத்தால் பெரியவரிடம் சொல்லி அனுப்புங்கள். வலது கால் என் வீட்டில்தான் இருக்கிறது, அதையும் தந்துவிடுகிறேன்.